நடுவுல ஒரு சின்ன டிஸ்டர்பன்ஸ்

இல்லக்கா, உள்ள வேணாம். அம்மா கம்பெனில நைட் ஷிப்ட் முடிச்சி இப்பதான் வந்து படுத்துச்சு. நீங்க இந்த ஆட்டோவுலயே உக்காருங்க. அப்பா அப்ப பேசுனதெல்லாம் இதே சீட்டுல உக்காந்துதான். ரெண்டு பக்கமும் ரெக்சினை இறக்கி வுட்டுட்டா வெளிச் சத்தம் வராது, உங்க ரெகார்டிங்குக்கும் நல்லது. இருங்க, தூசி தட்டறேன். வண்டி ஓடி எம்மா நாளாச்சு. மேல கூம்பு ஸ்பீக்கர் இருக்குதே, அதுக்குள்ள மைனா குடும்பம் நடத்துது, அதனாலதான் கழட்டாம வுட்டு வச்சிருக்கோம்.

அப்பாவா? அப்பா குரலு உங்களுக்குக் கெடைக்கும்க்கா, அதுக்கு நான் கேரண்டி. போன்ல சொன்னாருல்ல, வாங்கம்மா, எப்ப வேணா வாங்க, பேசித் தர்றேன்னு. சொன்னா சொன்னதுதான். அதுவரைக்கும் என்கிட்ட பேசிக்கினு இருங்க.

என் பேரு சேரன். ப்ளஸ் டூ எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கினு இருக்கேன். படிப்பு சுமாருதான், ஆனா குரலு வரும். யாரு குரலுனாலும் வரும். நீங்க மேம்பாலத்துக்குக் கீழ எறங்குனீங்களே, அங்க ஒருத்தரு கத்திக்கினு இருந்திருப்பாரு: மேல்மருவத்தூர் செங்கல்பட்டு கிளாம்பாக்கமே, ஏறு ஏறு ஏறு, உள்ள கல்யாண மண்டபம் மாதிரி காலியா கெடக்குது, படியில இன்னாப்பா வேண்டுதலா உனக்கு. அவுரேதான? போன வருசம் எங்க ஹெச்.எம். குரல்ல பி.டி. சாருக்கு போன் போட்டேன். கனமழை எச்சரிக்கை வந்திருக்கு சார், பசங்களை ஜல்தியா வூட்டுக்கு அனுப்பிருங்க. வெளிய மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டா சாயந்தரத்துக்குள்ள மூட்டை கட்டிரலாம், அப்பிடி ஒரு வெயிலு. மனுசன் ஜன்னல் பக்கம் கூட திரும்பல, பெல் அடிச்சிட்டாரு. குரலைக் கேட்டா போதும்க்கா நம்ம ஆளுங்களுக்கு. தலையைத் தூக்கி வானத்தைப் பாக்க மாட்டாங்க.

உங்க குரலு கூட வரும். காட்டட்டா? வணக்கம் சார், என் பேரு அருணா, சென்னைலேருந்து பேசறேன், நாங்க ஒரு ஆய்வு பண்றோம் சார், பொது இடங்கள்ல முகக்கவசக் கட்டுப்பாடு, இறப்பு விகிதத்துல என்ன தாக்கம் ஏற்படுத்துச்சுன்னு அளக்கறோம். விகிதம்னு சொல்றப்ப மட்டும் ஒரு இழுப்பு இருக்கும் உங்களுக்கு. விகீதம். சிரிக்கிறீங்க பாருங்க. எனக்கு எப்பிடித் தெரியுமா? போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சுக்கா. நான் பக்கத்துலதான் இருந்தேன். ரொம்பப் பக்கத்துல.

நீங்க எங்க நம்பரை எப்பிடிப் புடிச்சீங்கன்னு கூட தெரியும். அப்பா பேசி ஆட்டோவுல போட்ட ஆடியோவோட கடைசில வரும்ல, விளம்பரத் தொடர்புக்கு மைக்கு பெரியசாமின்னு. கொரோனா அறிவிப்புல சொந்த நம்பரைச் செருவுன ஒரே ஆளு எங்கப்பாதான்.

சரி, நீங்க சொன்னதை நான் சரியாப் புரிஞ்சிக்கினேனான்னு பாருங்க. ஒரே மாவட்டம், ரெண்டு ஊரு. விழுப்புரத்துல மாஸ்க் போடலைன்னா அபராதம். திண்டிவனத்துல அபராதம் கம்மி, ஆட்டோவுல தெருத்தெருவா அறிவிப்பு ஜாஸ்தி. அந்த ரெண்டாவது அலைல எந்த ஊருல எத்தனை பேரு போனாங்கன்னு எடுத்து, ஜனத்தொகையால வகுத்துப் பாத்தீங்க. திண்டிவனத்துல கம்மி. ஆகவே மிரட்டறதை விட எடுத்துச் சொல்றதே சிறந்தது. கரெக்டா? நல்லா இருக்குதுக்கா. பட்டிமன்றத்துல கடைசியா எழுந்திரிச்சித் தீர்ப்பு சொல்ற மாதிரி இருக்குது.

அந்த ஆடியோவை மத்த ஊருக்கும் குடுக்கப் போறீங்க. இன்னொரு தடவை ஏதாச்சும் வந்தா உதவும்னு. சார், குரல் அருமையா இருக்கு, நடுவுல மட்டும் ஒரு சின்ன டிஸ்டர்பன்ஸ் இருக்கு, அது இல்லாம ஒரு வாட்டி கிளீனாப் பேசிக் குடுத்தீங்கன்னா போதும். இதானே கேட்டீங்க.

பேசிக் குடுப்பாரு. காசெல்லாம் வேணாம், பர்ஸை உள்ள வைங்க. ஒண்ணே ஒண்ணுதான். எங்க தெருவுல ஒருத்தரு செத்துட்டாரு, அந்த மே மாசத்துல. அவுரு உங்க கணக்குல இல்ல. அவுரை சேத்துக்கணும். அம்மாந்தான்.

இல்லன்னு எப்பிடித் தெரியும்னா? நீங்கதானே சொன்னீங்க. அப்பா போன்ல கேட்டாரே, ரோஷணைல எங்க தெரு பக்கம் எத்தனைம்மான்னு. நீங்க கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு ரொம்ப சந்தோசமா சொன்னீங்க: உங்க தெரு ஜீரோ சார், உங்க குரல்தான் காப்பாத்தியிருக்கு. அதுக்கப்பறம் நீங்க கேட்டது ஞாபகம் இருக்கா? சார், சார், லைன்ல இருக்கீங்களான்னு கேட்டீங்க. இருந்தாரு.

கோவமா? எனக்கா? நான் எப்பவும் இப்பிடித்தான், சிரிச்சிக்கினேதான் பேசுவேன். அம்மா சொல்லும், நீ சிரிச்சா பல்லைக் கடிக்கிற மாதிரியே இருக்குதுடான்னு.

சரி சொல்லுங்க, ஏன் சேக்க முடியாது? ஆமா, ஆஸ்பத்திரிக்குப் போயி செத்தவங்களை வூட்டு அட்ரஸ் வச்சிப் பிரிச்சிருக்கீங்க, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரில செத்தாலும் திண்டிவனத்து ஆளு திண்டிவனத்துலதான். அது கெட்டியா செஞ்சிருக்கீங்க, ஒத்துக்கறேன். நான் சொல்றது வூட்டுல செத்தவங்களை. வேற காரணம் சொல்லி எழுதுனவங்களை. ம். ம். அது ரெண்டு ஊருலயும் ஏறக்குறைய ஒரே அளவுலதான் இருக்கும். அதனால ரெண்டு பக்கமும் கழிஞ்சிரும்.

இன்னொரு தடவை சொல்லுங்க அந்த வார்த்தையை. கழிஞ்சிரும்.

விழுப்புரத்துல ஒருத்தரு பொய்க் காரணத்துல செத்தாரு, திண்டிவனத்துல ஒருத்தரு பொய்க் காரணத்துல செத்தாரு. இதுல அதைக் கழிச்சா சுத்தமா ஒண்ணும் மிச்சமில்ல. ரெண்டு பேரும் சாவவே இல்ல. நல்ல கணக்குக்கா. பொண்டாட்டிங்களும் கழிஞ்சிருவாங்களா?

இல்ல, நீங்க தப்பா சொல்லலை, தெரியுது. உங்க படிப்பு அது. ஒரு ஆளைக் கூட்டுனா முடிவு மாறாதுன்றீங்க. மாறாதுல்ல? நிச்சயமா மாறாதுல்ல? அப்ப சேத்துக்க வேண்டியதுதானே. முடிவுதான் மாறப்போறதில்லையே, அப்பறம் யாருக்கு இன்னா பேஜாரு.

விழுப்புரம் பக்கத்துக் கணக்கைப் பத்திக் கேக்கறீங்களா? கேளுங்க, சிரிப்பீங்க. என் மாமா, அம்மா கூடப் பொறந்தவரு, ராஜ்குமார், அப்ப விழுப்புரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தாரு. அபராதம் போடறவங்க நாலுமுனையில நிப்பாங்க. தூரத்துல தெரிஞ்ச உடனே வண்டிக்குள்ள ஒரு கலவரம். ஒருத்தரு துண்டை இழுப்பாரு, ஒரு அம்மா முந்தானையை இழுக்கும், ஒரு பெரியவரு டிபன் கேரியர் மூடியை எடுத்து வாயில வச்சிக்கினாராம். முன் சீட்டுல உக்கார்றவங்களுக்காக மாமா ஒரு பொது மாஸ்க்கு கண்ணாடில மாட்டி வச்சிருந்தாரு: போட்டுக்கோங்க சார், கூச்சப்படாதீங்க, காலையிலதான் தொவைச்சது, இதுவரைக்கும் போட்டவங்க யாரும் கம்ப்ளைண்டு பண்ணதில்ல. மாமா குரலு இதான், மூக்குல பேசுவாரு, சைனஸ். தாண்டுன உடனே அதைக் கழட்டித் திரும்ப கண்ணாடில. அடுத்த சவாரி, அடுத்த வாயி. உங்க பேப்பர்ல அவுங்க எல்லாம் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிச்சவங்க.

மாஸ்க்கு வேலைக்காவாதுன்னு நான் சொல்லலைக்கா. நல்லாக் கேட்டுக்கோங்க, அதை மட்டும் நான் சொல்லவே இல்ல. போட்டாதான வேலை செய்யும். அதுதான் என் கோவமே. ஆமா, கோவம்தான், ஒத்துக்கினேன், போதுமா.

இங்க கதை வேற. எங்கப்பா பேரு பெரியசாமின்னு கேட்டா தெருக்கோடில யாருக்கும் தெரியாது. மைக்கு பெரியசாமின்னு கேட்டா நேரு வீதி வரைக்கும் கைகாட்டுவாங்க. நகைக்கடை தள்ளுபடி, பர்னிச்சர் மேளா, காணாமப்போன ஆடு, எல்லாம் அவுரு குரலுதான். முக்கியமா கோயிலு. ஆடி வந்தா: அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே, இன்று மாலை அருள்மிகு அன்னை மாரியம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்தப்பட்டு மகா தீபாராதனை நடைபெறும். அந்த கவசம்ன்ற எடத்துல ஒரு இழுப்பு. கவசம். நான் பொறந்ததுலேருந்து அதே குரலு, அதே இழுப்பு, அதே கவசம்.

கொரோனா வந்துச்சு. பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க, முகக்கவசம் அணிவீர், உயிர் காப்பீர். அப்பாவுக்கு வேற ராகம் தெரியாது. அதே கோயில் ராகத்துல எடுத்துட்டாரு: அன்பார்ந்த திண்டிவனம் வாழ் பொதுமக்களே, முகக் கவசம். வூட்டுக்குள்ள டிவி ஓடுது, குக்கரு கத்துது, பாதிதான் காதுல விழும். விழுந்த பாதி எது? கவசம். மைக்கு பெரியசாமி கவசம்னு கூப்பிட்டா, தட்டை எடுத்துக்கினு கெளம்ப வேண்டியதுதானே. எல்லாக் கோயிலும் பூட்டிக் கெடந்த நேரம், எங்கயோ ஒண்ணு தொறந்துட்டாங்கன்னு நெனைச்சிருக்குதுங்க. தேங்காயி, பழம், கற்பூரம், ஒரே கூட்டம், ஆட்டோவைச் சுத்திக்கிச்சுங்க. தையல்நாயகி அக்கா, தோ அந்தப் பச்சைக் கேட்டு வூடு, தலைல பூவோட வந்துச்சு: அண்ணே, எந்தக் கோயிலண்ணே, எப்பண்ணே கவசம் சாத்தறாங்க? கோயிலு இல்லம்மா, மூஞ்சிக்கு. மூஞ்சிக்கா, ஏன் இந்த வருசம் அம்மனுக்கு மூஞ்சிக்கு மட்டும்தானா? அம்மனுக்கு இல்லம்மா, உன் மூஞ்சிக்கு. ஏண்ணே, காலங்காத்தால என் மூஞ்சி உனக்கு இன்னா பண்ணுச்சு?

சிரிங்க, சிரிங்க. நாங்களும் அன்னிக்கு சிரிச்சோம். ஊரே சிரிச்சுச்சு. நான் தெருத்தெருவா அதை நடிச்சிக் காட்டி மிட்டாய் வாங்கித் தின்னேன்.

இப்ப சொல்லுங்க, அந்தக் கூட்டத்துல எத்தனை பேரு மாஸ்க்கு போட்டிருப்பாங்க? கோயிலுக்குக் கெளம்பி வந்தவங்க எதுக்குப் போடுவாங்க. வூட்டுக்குள்ள இருந்த ஜனம், எங்கப்பா கூப்பிட்டு வெளிய வந்துச்சு. இங்கதான்னு இல்ல, கிடங்கல்ல அதே கதை, ஜக்காம்பேட்டைல அதே கதை. போற எடமெல்லாம் தட்டு. ஒவ்வொரு தெருவுலயும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு மூஞ்சிக்கும் நேரா நின்னு, கோயிலு இல்லம்மா, கோயிலு இல்லண்ணேன்னு சொல்லிக்கினே போனாரு. கவசத்தை எடுத்துட்டு மாஸ்க்குன்னு போட்டா எல்லாருக்கும் புரியும்னு கேட்டுப் பாத்தாரு. காண்ட்ராக்ட் எடுத்தவரு சீனுவாசன், மைக் செட்டு ஓனரு. தொண்டையைச் செருமிட்டுத்தான் எதையும் சொல்லுவாரு: ஹ்ம், பெரியசாமி, எழுதிக் குடுத்ததுல கை வைக்காதே, தூய தமிழு, அதுக்கு ஒரு மரியாதை இருக்குது.

உங்க ஆய்வுல இதை எப்பிடி எழுதியிருக்கீங்க? போன்ல படிச்சிக் காட்டுனீங்களே. பொதுமக்கள் தன்னார்வத்துடன் வாகனத்தைச் சூழ்ந்து நின்று அறிவிப்பைக் கேட்டனர். தன்னார்வம். தேங்காத் தட்டோடக்கா.

இல்ல, நீங்க எழுந்திரிக்காதீங்க. இன்னும் கொஞ்சம்தான். அப்பா குரலு வந்துரும்.

அப்பா முதல் நாளு மாஸ்க்கு போட்டுக்கினுதான் உக்காந்தாரு. அம்மா பழைய பாவாடைத் துணில தைச்சிக் குடுத்தது, ரெட்டைத் துணி. சீனுவாசன் பக்கத்துல வந்து காதைத் தீட்டிக் கேட்டாரு: ஹ்ம், இன்னாய்யா பெரியசாமி, போர்வைக்குள்ள படுத்துக்கினு பேசற மாதிரி இருக்குது, கட்டணம் குடுக்கறவன் கேட்டா இன்னா சொல்லுவேன், இறக்குய்யா, தாடைக்கு இறக்கு. மாஸ்க்கு போடுன்னு சொல்றது தெளிவாக் கேக்க வேணாமா?

இறக்குனாரு.

யோசிச்சிப் பாருங்க. திண்டிவனம் மொத்தத்துக்கும் மாஸ்க்கு போடு மாஸ்க்கு போடுன்னு சொன்ன ஒரே வாயி. அந்த வாயில மட்டும் மாஸ்க்கு கெடையாது. அந்த வாயைச் சுத்தி ஊருக் கூட்டம். இதை உங்க கம்ப்யூட்டர்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க? கட்டுப்பாட்டைக் கடைப்பிடிச்சாரா, மீறினாரா?

அப்பால தொண்டை கட்டிக்கிச்சு. நாள் முழுக்கக் கத்தறாருல்ல. சீனுவாசன் பாத்தாரு, ஒரே ஒரு தடவை மெமரி கார்டுல பதிஞ்சி வச்சிட்டா மனுசனே தேவையில்ல, எந்த வண்டில வேணா போட்டு ஓட்டலாம். இதே சீட்டுலதான் பதிஞ்சாங்க. நான் அப்ப எட்டாவது. ஆன்லைன் கிளாஸை மியூட்டுல போட்டுட்டு, தோ இந்தக் கம்பியைப் புடிச்சிக்கினு வேடிக்கை பாத்தேன். அப்பா கண்ணை மூடிக்கினு பேசறாரு. முகக் கவசம், அப்பறம் க்ஹும், க்ஹும், அப்பறம் அணிவீர். உடனே கண்ணைத் தொறந்துட்டாரு. அண்ணே, இருமிட்டேன், முதல்லேருந்து பேசிடறேன். அதுக்கு சீனுவாசன்: ஹ்ம், வுடுய்யா, ஜல்தி குடுக்கணும், நடுவுல சின்னதா ஒண்ணு, யாரு கவனிக்கப் போறாங்க.

அதுதான் நீங்க சொன்ன டிஸ்டர்பன்ஸ். இருமலுக்கா அது. உங்களுக்குத் தெரியாம இருந்திருக்காது, எத்தனை தடவை கேட்டிருப்பீங்க. மரியாதைக்காக டிஸ்டர்பன்ஸ்னு சொல்லிட்டீங்க போல.

சரி, தெருவுல செத்தவரைப் பத்தி சொல்றேன், கேளுங்க. அவுருக்காகத்தானே உங்களை உக்கார வச்சிருக்கேன்.

காய்ச்சலு வந்துச்சு, ஒண்ணும் இல்லன்னாரு. அப்பறம் மாடிப்படி கூட இல்லாத வூட்டுல, பாயிலேருந்து கக்கூசுக்குப் போயி வந்தா மூச்சு வாங்குச்சு. பொண்டாட்டி அவுங்க அண்ணனைக் கூப்பிட்டுச்சு, அவுரு வண்டி எடுத்துக்கினு வந்தாரு. முண்டியம்பாக்கம் போயிடலாம்னு கெளம்புனாங்க. விக்கிரவாண்டி டோல்கேட்டு வரைக்கும்தான். முன்னாடி ஒரு லாரி சில்லறைக்கு நின்னுக்கினு இருந்துச்சு, அந்த வரிசைலயே முடிஞ்சி போச்சு. மச்சான்காரரு திரும்பிப் பாத்தாரு, தொட்டுப் பாத்தாரு, கொஞ்ச நேரம் ஸ்டேரிங்ல தலை வச்சிக்கினாரு. அப்பால சொன்னாரு: இனிமே ஆஸ்பத்திரிக்கு எதுக்கு, அங்க போனா டெஸ்டு எடுப்பாங்க, கொரோனான்னு வரும், பிளாஸ்டிக்குல சுத்தி அவுங்களே கொண்டு போயிடுவாங்க, பெத்த புள்ள ஒரு வாய்க்கரிசி கூட போட முடியாது. வண்டியைத் திருப்பறேன். வூட்டுலயே போயிட்டாருன்னு சொல்லிக்கலாம். மாரடைப்பு.

எங்க மாமா குரலு மாதிரி இருக்குதா? மச்சானுங்க எல்லாம் ஒரே மாதிரிதான் பேசுவாங்கக்கா.

அப்பிடி மாரடைப்பு ஆனாரு அவுரு. வூட்டுல செத்தா நாம சொல்றதுதான் காரணம், எழுதறவங்களுக்கு இன்னா தெரியும். பொய்யின்னு நீங்க சொல்லிருவீங்க. நான் கூட ரொம்ப நாளு அந்த மச்சான்காரரு மூஞ்சில முழிக்கல. ஆனா அந்த வருசம் அந்தப் பிளாஸ்டிக் பையைத் தூரத்துலேருந்து பாத்திருந்தீங்கன்னா, நீங்களும் வண்டியைத் திருப்பியிருப்பீங்க. எனக்கு யாரு மேல கோவப்படறதுன்னே தெரியலைக்கா, அதனால வரிசையா எல்லாரு மேலயும் படறேன். இன்னிக்கு உங்க முறை.

தெருவுக்குத் தெரியக்கூடாதுன்னு கதவைச் சாத்திக்கினு அழுதாங்க. வெளிய சத்தம் போவாம அழுவறது எப்பிடின்னு அன்னிக்குத்தான் பாத்தேன், துணியை வாயில வச்சிக்கினு. அதையும் மாஸ்க்குன்னு எண்ணிக்குவீங்களா? அப்பறம் வாய்க்கரிசி. மாஸ்க்கோட குனிஞ்சி போட்டா செத்தவருக்கு மரியாதை இல்லன்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் கழட்டி இடுப்புல செருவிக்கினாங்க. ஒவ்வொருத்தரா, மூஞ்சிக்கு மூஞ்சி. அவுங்கள்ல யாரு யாரு அப்பறம் எந்த ஊருல போயி படுத்தாங்க, அதெல்லாம் எந்தக் கோட்டுப் படத்துலயும் வராது.

அந்த நேரத்துலதான் தெருமுனைல ஆட்டோ திரும்புச்சு. ஸ்பீக்கரு ஃபுல் சவுண்டுல. அன்பார்ந்த திண்டிவனம் வாழ் பொதுமக்களே. எங்கப்பா குரலு. உள்ள எல்லாரும் அப்பிடியே நின்னுட்டாங்க. அந்த வூட்டு அம்மா மட்டும் எழுந்துச்சு. தலையை அள்ளி முடிஞ்சிக்கினு நேரா போயி கதவைத் தொறந்துச்சு.

இல்லக்கா, வண்டில அப்பா இல்ல. செஞ்சி ஊருப் பக்கத்துப் பையன் ஒருத்தன் புதுசா வேலைக்கு வந்தவன், சீனுவாசன் குடுத்த கார்டைப் போட்டு பட்டனைத் தட்டிட்டு ஓட்டிக்கினு வந்தான். அவன் மேல இன்னா தப்பு. எங்கப்பா உள்ளதான் இருந்தாரு. வாயில அரிசியோட.

இந்தாங்க. தண்ணி இருக்குது, குடிங்க.

போன்ல பேசுனது நான்தான். அப்பா செத்தப்ப எனக்குக் கீச்சுக் குரலு, ஊருல எல்லாரு குரலும் வரும், அப்பா குரலு மட்டும் கிட்ட கூட வராது. பத்தாவது முடிச்சப்பதான் தொண்டை உடைஞ்சிச்சு. ஒரு நாளு காலைல பின்பக்கம் பல்லு வெளக்கிட்டுச் செருமுனேன். அடுப்பங்கரைலேருந்து அம்மா, இன்னாங்கன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, கையில கரண்டியோட அப்பிடியே உக்காந்துச்சு. அன்னிலேருந்து வூட்டுல நான் கொஞ்சம் மேல் குரல்லயே பேசறேன், கவனிச்சிருப்பீங்க. நீங்க போன் பண்ணி பெரியசாமி சாரான்னு கேட்டீங்க. நாலு வருசம் கழிச்சி ஒருத்தரு அவுரை சாருன்னு கேக்கறாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. ஆமாம்மா, சொல்லுங்கன்னேன், அவுரு வந்துட்டாரு.

நீங்க ஜீரோன்னு சொன்னப்பதான் உங்களை இங்க வரவச்சே தீரணும்னு முடிவு பண்ணேன்.

எங்கப்பா உங்க கணக்குல இல்லாம இல்லக்கா. இருக்காரு. ஊரைக் காப்பாத்துன மருந்துன்னு எழுதுன பக்கத்துல இருக்காரு. செத்தவங்க பக்கத்துல இல்ல, அம்மாந்தான் வித்தியாசம். அவுரை எரிச்சதுக்கு அப்பறமும் அந்தக் கார்டு ஊரைச் சுத்திக்கினே இருந்துச்சு, அந்த நாளையும் சேத்துத்தான் நீங்க அறிவிப்பு நாளுன்னு எண்ணியிருக்கீங்க. நான் இன்னா கேக்கறேன், அவுரை இந்தப் பக்கமும் எழுதுங்கன்றேன்.

அடிக்குறிப்பாவா? கீழயா? பொடி எழுத்துலயா? இல்லக்கா. மேல. நம்பரோட நம்பரா. ஜீரோ இருக்கற எடத்துல ஒண்ணு.

யோசிங்க. அதுக்குள்ள உங்க வேலையை முடிச்சித் தந்துடறேன், அப்பா குடுத்த வாக்கு. கிளீனா வராது, சொல்லிடறேன். எனக்கு அது இருமலோடதான் தெரியும், அந்த எடம் வந்தா தானா வந்துரும். வேணாம்னா நீங்க உங்க ஆபீசுல வெட்டிக்கோங்க. எதை வெட்டறீங்கன்னு தெரிஞ்சிக்கினு வெட்டுங்க.

ஆன் பண்ணிட்டீங்களா? சிவப்பு லைட்டு எரியுதா? இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க. மெதுவாத்தான் பேசுவேன், கோச்சிக்காதீங்க. சத்தமா பேசுனா அம்மா எழுந்து வந்து கதவைத் தொறந்துரும்.